பேர்க்காரரின் உடம்பு

என் தங்கை புருஷனை எங்கள் செட்டில் பேர்க்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கிடங்கில் மூட்டை இறக்கி ஏற்றுகிற எட்டுப் பேர் செட்டு எங்களுடையது. காண்ட்ராக்டரின் பதிவேட்டில் எட்டுப் பேரும் இல்லை. ஒரு செட்டுக்கு ஒரு பெயர்தான். எங்கள் செட்டுக்கு அவருடைய பெயர். காலையில் வாசல் காவலாளி அந்தப் பெயரைக் கூப்பிட்டு ஒரு கோடு போடுவார், எட்டுப் பேர் உள்ளே போவோம். அவர் பெயர் ஏன் ஏறியது என்றால், பதிவு எழுத வந்த அன்று லாரியிலிருந்து முதலில் இறங்கியவர் அவர். வேறு காரணம் இல்லை.

பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் மருத்துவ அட்டை கொடுக்க வேண்டும் என்று ஒரு வருஷம் மேலிருந்து உத்தரவு வந்தது. அட்டை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கலாம், மருந்து வாங்கலாம், ஆபரேஷன் கூடச் செய்துகொள்ளலாம், நம் கையிலிருந்து எதுவும் போகாது. படம் எடுக்க வந்தவர், நாங்கள் மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று இவர் சொன்னதற்கு, அப்படியே நில்லுங்கள் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வந்த அட்டையில் தலைத்துண்டு கட்டிய ஒரு வெள்ளை முகம் இருந்தது. புருவம், மீசை எல்லாம் வெள்ளை. பெற்றவளிடம் காட்டினாலும் கொஞ்சம் யோசித்துத்தான் மகன் என்று சொல்லியிருப்பாள்.

எட்டுப் பேருக்கு ஒரு அட்டை என்பது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. மூட்டை தூக்கும் கொக்கி அவரவருடையது, தள்ளுவண்டி பொது. பெயரும் வண்டி மாதிரிதான். யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொண்டு போவார்.

முதலில் எடுத்துக்கொண்டு போனவன் நெட்டையன். அவனுக்கு வலது பக்கம் குடலிறக்கம். நாலு நாள் ஆஸ்பத்திரியில் என் தங்கை புருஷனின் பெயரில் படுத்திருந்தான். பார்க்கப் போனபோது நர்ஸ், யார் இவர் சம்சாரம் என்று கேட்க, நெட்டையன் பெண்டாட்டி முன்னால் போய் நின்றாள். அந்த நாலு நாளும் பேர்க்காரருக்கு இரண்டு சம்சாரம் என்று செட்டில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். என் தங்கை சிரிக்கவில்லை.

அடுத்து நான். லாரியின் பின்பலகை கைமேல் விழுந்து, இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. மிச்சத்தைச் சீராக வெட்டித் தைத்தார்கள். அதுவும் அவர் கணக்கில் ஏறியது. பிறகு மீசை என்று நாங்கள் கூப்பிடுகிறவனுக்கு ஒரு காய்ச்சல், அதற்குப் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது, மூச்சு முட்டியது. இந்த மருந்தை இவருக்கு எப்போதும் போடக்கூடாது என்று சிவப்பு மையில் எழுதினார்கள். கடைசியாக பாகவதர். மூட்டை சுமக்கும்போதும் வாய் மூடாமல் பாடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். அவருக்குச் சர்க்கரை. மாசம் ஒருமுறை அட்டையோடு போய் மாத்திரை வாங்கி வருவார். மற்ற மூன்று பேருக்கும் சில்லறைக் காய்ச்சல், சளி.

அட்டை என் தங்கையின் தையல் மெஷின் டிராயரில் இருந்தது. அவள் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள். என்ன உபாதை என்று கேட்டு, இதுவரை ஆஸ்பத்திரியில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று பாடம் சொல்லித்தான் அனுப்புவாள். எல்லாம் அவளுக்கு மனப்பாடம். “உங்களுக்குச் சர்க்கரை இருக்குண்ணே, கேட்டா மறந்துடாதீங்க. மாத்திரை ஒழுங்கா போடுறேன்னு சொல்லுங்க” என்பாள். ஒருமுறை நெட்டையன் இருமலுக்குப் போனபோது ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரையை இப்படிக் கட்டுக்குள் வைத்திருக்கிறவரை நான் பார்த்ததே இல்லை என்று டாக்டர் கைகொடுத்திருக்கிறார். அடுத்த மாசம் போன பாகவதர் அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினார். ஒரே நாளில் இரண்டு பேர் போகக் கூடாது என்பதும் தங்கை போட்ட சட்டம்தான். காலையில் மீசை காய்ச்சலோடு போய் வந்திருந்தான், மதியம் நெட்டையன் காலில் ஆணி ஏறியது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் எத்தனை வரும், ஆணியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள்.

பிடிபடாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் சாமர்த்தியம் இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர். வரிசை வாசல் தாண்டி நிற்கும். அவர்கள் காகிதத்தைப் பார்ப்பார்கள், நம்மைப் பார்க்க நேரம் இருக்காது.

இத்தனையிலும் பேர்க்காரர் மட்டும் ஒருநாளும் அட்டையை எடுத்துக்கொண்டு போனதில்லை. அவருக்கு எதுவும் வரவில்லை. வந்தபோது அது எங்களுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தங்கை கிடங்கு வாசலுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அவருக்குக் கீழ்வயித்துல ஒரு கட்டி இருக்குண்ணே. படுத்தா உள்ள போகுது, எழுந்தா வெளிய வருது. எட்டு மாசமா துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டுச் சுமக்கிறாரு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னாரு, பண்ணியிருக்கேன். அதனாலதான் வேற யார்கிட்டயும் சொல்லாம உங்ககிட்ட சொல்றேன்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. “அதை நெட்டையன் எடுத்துக்கிட்டான் மச்சான். ஒரே அட்டையில ஒரே சீக்குக்கு ரெண்டு தடவை தருவாங்களா?” என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் தீர்ந்துபோனதைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

நான் நாற்பது தாண்டி மாலை வகுப்பில் எழுத்து படித்தவன். செட்டில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பலகை படிக்க என்னைக் கூட்டிப்போவார்கள். மறுநாள் இவரை நான் கூட்டிப் போனேன். தங்கையும் வந்தாள்.

ஆபரேஷன் டாக்டர் சின்ன வயதுக்காரர். மேஜையில் இருந்த ஃபைல் செங்கல் கனம் இருந்தது. சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டார். தங்கை வழியில் சொல்லிக் கொடுத்திருந்தபடி இவர், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்றார். டாக்டர் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

“இதே இடத்துல நாலு வருஷம் முன்னாடி ஆபரேஷன் பண்ணியிருக்கு. தழும்பு எங்கே?”

“ஆறிடுச்சுங்க.”

டாக்டர் இன்னொரு பக்கம் புரட்டினார். “இடது கையை நீட்டுங்க.”

நீட்டினார். டாக்டர் ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு விரலாகத் தொட்டு ஐந்து வரை எண்ணினார். “இதுவும் ஆறிடுச்சா?”

நான் என் இடது கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டேன். தங்கை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்ல எங்களுக்குப் பழக்கம் உண்டு. பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “இந்த ஃபைல்ல இருக்கிற ஆளுக்கு நான் ஆபரேஷன் பண்ண முடியாது. அந்த ஆளு இங்க இல்லை. இதுல எது உங்களோடது, எது இல்லைன்னு தெளிவாகட்டும், பண்றேன்.”

பிறகு விளக்கினார். கட்டி இப்போது உள்ளே போகிறது. ஒருநாள் போகாமல் வெளியே நின்றுவிடும். குடல் அதில் மாட்டிக்கொள்ளும், வாந்தி வரும். அதற்குப் பிறகு கையில் இருப்பது சில மணி நேரம்தான். அப்போது தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் யார் என்று கேட்காமல் வயிற்றைத் திறப்பார்கள், ஆனால் அழுகிய குடலை வெட்ட வேண்டி வரலாம், ஆளே போகவும் போகலாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்பதும் இந்த ஃபைலை நம்பித்தான். இப்போது செய்தால் சின்ன வேலை. அதுவரை சுமை தூக்கக் கூடாது.

அட்டை கவுண்டரில் வேறு மாதிரி சொன்னார்கள். வலது குடலிறக்கம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது, மறுபடி அனுமதி கேட்டால் தானாகவே திருப்பி அனுப்பிவிடும். பழைய பதிவைத் திருத்த வேண்டுமானால் உதவி அறைக்குப் போங்கள் என்றார்கள்.

உதவி அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நிற்கும்போது தலை இடிக்கும். அங்கே இருந்த அம்மா வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஃபைலை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். முடித்ததும், இதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

பேர்க்காரர் குனிந்து தரையைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். எனக்கும் பயம்தான். அட்டையை மாற்றி உபயோகித்தால் குற்றம் என்று அட்டையின் பின்பக்கமே எழுதியிருக்கிறது, செட்டில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான், படித்த பிறகும்தான் விரலைக் கொண்டுபோய்த் தைத்துக்கொண்டேன். துண்டிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“இந்த விரல் என்னோடதும்மா.”

அந்த அம்மா விரலைப் பார்த்தார், ஃபைலில் இருந்த தேதியைப் பார்த்தார், ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

செய்ய வேண்டியதை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஃபைலில் இருக்கிற ஒவ்வொரு பெரிய நோய்க்கும் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும். டாக்டர் பார்த்து, ஆமாம் இது இவருடையது என்று எழுதுவார். எல்லாம் சேர்ந்தால் அவர் மேலே கடிதம் அனுப்புவார். ஒன்று மிச்சம் இருந்தாலும் கடிதம் போகாது. சர்க்கரை இவருக்கு இல்லை என்று ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று கேட்டேன். டாக்டருக்கு அது போதும், அட்டை ஆபீசுக்குப் போதாது, இவர் இல்லை என்றால் வேறு யார் என்று கேட்பார்கள் என்றார். கடிதம் போன அன்றே அட்டை பூட்டப்படும், அனுமதி வரும்வரை யாரும் உபயோகிக்க முடியாது. தண்டனை வருமா என்று தங்கை கேட்டதற்கு, வராது என்று சொல்ல மாட்டேன், பதிவேட்டில் ஒரு பெயர் மட்டும் எழுதியவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எழுதுவேன் என்றார். இன்னொன்றும் சொன்னார். பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களும் அட்டை கேட்க ஒரு படிவம் இருக்கிறதாம், முதலாளியின் முத்திரைக்குப் பதிலாகக் கூட வேலை செய்கிறவர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அது வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். இந்த ஊரில் இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை என்று அலமாரியிலிருந்து ஒரு கட்டு எடுத்துத் தூசி தட்டினார்.

மறுநாள் மூட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்து பேசினோம். நெட்டையன் உடனே வருகிறேன் என்றான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மீசை, காண்ட்ராக்டர் செட்டையே வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான், ஆனாலும் வருகிறேன் என்றான். பாகவதர் அன்று பாடவில்லை.

அவருடைய கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. எங்கள் நோயெல்லாம் முடிந்துபோன நோய். விரல் போனது போனதுதான், இனி அட்டை இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. அவருடையது மாசாமாசம் வருகிறது. புது அட்டை வர இரண்டு மாசமாவது ஆகும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். இரண்டு மாசம் மாத்திரை இல்லாமல் இருந்து காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், அவருடைய அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். “உங்களுக்கெல்லாம் முடிஞ்சு போச்சு, பேசுறீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

அந்த மூன்று நாளில் நாங்கள் போய் மற்றதை முடித்தோம். நெட்டையன் தழும்பைக் காட்டினான். மீசை எந்த மருந்துக்கு வீங்கினான் என்று எழுதிக்கொண்டார்கள். பேர்க்காரர் டாக்டர் பேச்சைக் கேட்டு வீட்டில் இருக்கவில்லை, வாசலில் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டுமே என்று காலையில் வந்து நிற்பார், உள்ளே போய் ஒரு ஓரத்தில் உட்காருவார். இரண்டாம் நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கட்டி வெளியே நின்றுவிட்டது. சாக்கை விரித்துப் படுக்கவைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே போனது. அந்த ஒரு மணி நேரமும் யாரும் மூட்டை தூக்கவில்லை, காவலாளி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நாலாம் நாள் உதவி அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஃபைலில் சர்க்கரை ஒன்றுதான் பாக்கி. பாகவதர் படியிறங்கி வந்தார். எங்களைப் பார்க்க வரவில்லை. அன்று அவருக்கு மாத்திரை நாள், அட்டை வாங்கத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், வீடு பூட்டியிருந்தது, இங்கே இருப்போம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அட்டையைக் கொடு என்று கேட்டார்.

நெட்டையன் எழுந்தான். தங்கை அவனை உட்காரச் சொன்னாள். பையிலிருந்து அட்டையை எடுத்து பாகவதரிடம் நீட்டினாள்.

“இந்தாங்கண்ணே. நாலு வருஷமா யாரு கேட்டாலும் இல்லைன்னு சொன்னதில்லை. உங்களுக்கு மட்டும் சொல்லப் போறதில்லை. இவருக்கு வந்தப்போதான் இல்லைன்னு ஆயிடுச்சு.”

பாகவதர் அட்டையை வாங்கிக்கொண்டார். அந்த வெள்ளை முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். போகவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல், யாரையும் பார்க்காமல் சொன்னார். “மருந்துக் கவுண்டர் ஒரு மணிக்கு மூடுவாங்க. என் கடிதம் மூணு மணிக்குத்தான் தபாலுக்குப் போகும். வெளியூர் போறவங்களுக்கு ரெண்டு மாச மாத்திரை சேர்த்தே குடுப்பாங்க.”

அது சரியா, தப்பா என்று நான் அப்போதும் யோசிக்கவில்லை, இப்போதும் யோசிக்கவில்லை. பாகவதர் மருந்து வரிசைக்குப் போனார். திரும்பி வரும்போது சட்டைப் பை புடைத்திருந்தது. நேராக உதவி அறைக்குள் போய், தலை இடிக்காமல் குனிந்து நின்று, “சர்க்கரை எனக்குத்தாம்மா” என்றார். அட்டையை மேஜைமேல் வைத்தார்.

கடிதம் மூன்று மணிக்குப் போனது. அன்றே உதவி அறைப் படிவங்களில் எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் சாட்சி போட்டோம். நான் கையெழுத்து, மற்றவர்கள் கைநாட்டு.

காண்ட்ராக்டருக்கு விசாரணைக் கடிதம் வந்தது ஆறாம் நாள். எங்களைக் கூப்பிட்டுத் திட்டினார். செட்டை நிறுத்திவிட்டேன் என்றார். ஐந்து நாள் வேலை இல்லை. அதற்கடுத்த நாள் சிமெண்ட் லாரிகள் பதினொன்று வரிசையில் நின்றதும் ஆள் அனுப்பினார். பதிவேட்டில் எட்டுப் பெயரும் எழுதினாரா என்றால் இல்லை. மூன்று எழுதினார். இப்போது வாசலில் காவலாளி மூன்று கோடு போடுகிறார். படிவம் போட்டதில் எனக்கும் நெட்டையனுக்கும் அட்டை ஏழு வாரத்தில் வந்தது. மீசையின் படிவம் ஏதோ தேதி சரியில்லை என்று திரும்பி வந்து மறுபடி போயிருக்கிறது. பாகவதருக்கு மாத்திரை தீர்ந்து ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது. அந்த ஒன்பது நாளும் காலைத் தினமும் கழுவி என்னிடம் காட்டுவார், புண் இருக்கிறதா பார் என்று.

புது அட்டைகள் வருவதற்கு முன்னாலேயே, கடிதம் போன பன்னிரண்டாம் நாள் ஆபரேஷனுக்கு அனுமதி வந்தது. அதற்குள் கட்டி இன்னொரு முறை வெளியே நின்று, நாங்கள் ஆட்டோவுக்கு ஓடி, வண்டி வருவதற்குள் தானாக உள்ளே போயிருந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் நர்ஸ் புது ஃபைல் கொடுத்தார். மேலே ஒரு காகித உறை, உள்ளே ஒரே ஒரு தாள். பேர்க்காரரைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்து, இதற்குமுன் என்னென்ன நோய் வந்திருக்கிறது என்று கேட்டார். இவர் வழக்கம்போலத் தங்கை முகத்தைப் பார்த்தார். அவள் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“எதுவும் வந்ததில்லைங்க. இதுதான் முதல்” என்றார்.

கதவு மூடிய பிறகு தங்கை அந்தத் தாளைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பெயர், வயது, ரத்த வகை. முந்தைய நோய்கள் இல்லை. முந்தைய அறுவை சிகிச்சை இல்லை. மருந்து ஒவ்வாமை இல்லை. வலது குடலிறக்கம்.

அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். இன்னொரு தடவை படியுங்கள் என்றாள், படித்தேன். ஒரு மணி நேரம் போன பிறகு மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, முடிந்தது, குடல் நன்றாக இருக்கிறது, மூன்று மாசம் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குள் போனார்.